நோட்டின் அரபுப் பக்கம்: பழைய கெய்ரோவில் ஒரு நாள் நடை – முழுமையான வழிகாட்டி

எகிப்தின் பண நோட்டு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ஆங்கிலம். அதில் ஸ்பிங்ஸ், கோயில், பாரோ என்று ஏதாவது ஒன்று. மறுபக்கத்தில் அரபு, அதில் ஒரு பள்ளிவாசல். அநேகமாக எல்லா நோட்டுக்கும் இதுதான் கணக்கு. கெய்ரோவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். கீஸாவில் பிரமிடு, அருங்காட்சியகம், அப்புறம் விமான நிலையம்.

பிரமிடு பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தனியாக ஒரு நாள் கொடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டுமே கெடும். இந்த வழிகாட்டி இன்னொரு நாளுக்கானது. முதல் தடவை போனபோது ஒரு டீக்கடையில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போதுதான், காலையில் பார்த்துவிட்டு வந்த கட்டடம் 100 பவுண்டு நோட்டில் இருப்பது கண்ணில் பட்டது. மற்ற நோட்டுகளையும் விரித்து வைத்துப் பார்த்தால், அநேகமாக எல்லாப் பள்ளிவாசல்களும் ஒரே நடையில் பார்த்துவிடக்கூடியவை. அடுத்த தடவை அந்த வரிசையிலேயே நடந்தேன்.

5 பவுண்டில் இப்னு துலூன். 100-ல் சுல்தான் ஹசன். 10-ல், பழைய காகித நோட்டாக இருந்தால், ரிஃபாயி. (புதிய பிளாஸ்டிக் 10-ல் இருப்பது நகருக்கு வெளியே புதுத் தலைநகரில் கட்டிய பள்ளிவாசல், அதை விட்டுவிடுங்கள்.) 200-ல் கானிபாய், 20-ல் கோட்டை மேலிருக்கும் முகமது அலி பள்ளிவாசல், 50-ல் கிஜ்மாஸ். 50 பியாஸ்டர் சில்லறை நோட்டில் அல்-அஸ்ஹர். 1 பவுண்டு நோட்டில் உள்ள காயித்பாய் மட்டும் கிழக்கே, கல்லறை நகரத்துக்குள் தள்ளி இருக்கிறது. இந்த நடையில் அது வராது.

கிளம்பும் முன்

நவம்பர் முதல் மார்ச் வரை நடக்க ஏற்ற காலம். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஜும்ஆ தொழுகை நேரத்தில் பள்ளிகளில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், கடைகளும் பாதி மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் சிலர் கடை திறப்பதில்லை. சனி, அல்லது திங்கள் முதல் வியாழன் வரை ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தால் நல்லது.

முழங்காலும் தோளும் மறையும் உடை ஆண் பெண் இருவருக்கும் வேண்டும். பெண்கள் ஒரு துப்பட்டாவைப் பையில் வைத்துக்கொண்டால், வாசலில் தரும் பொது அங்கியைப் போட்டுக்கொள்ள வேண்டிய நிலை பெரும்பாலும் வராது. எளிதாகக் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு, கூடவே ஒரு ஜோடி சாக்ஸ். பத்து இடத்திலாவது காலணியைக் கழற்ற வேண்டியிருக்கும். லேஸ் கட்டும் ஷூ போட்டுக்கொண்டு போனவன் சொல்கிறேன்.

பணம் இரண்டு வகையிலும் வேண்டும். அரசுத் துறை டிக்கெட் விற்கும் பல இடங்களில் இப்போது கார்டு மட்டும்தான் வாங்குகிறார்கள். மற்ற எல்லாவற்றுக்கும், அதாவது டீ, செருப்பு காப்பவர், கழிப்பறை, மாடிப்படிக் கதவைத் திறந்துவிடுபவர் என அனைவருக்கும், சில்லறை நோட்டு. அன்பளிப்புக்கு அங்கே ‘பக்‌ஷீஷ்’ என்று பெயர். அது லஞ்சம் மாதிரி தோன்றி உங்களுக்கு எரிச்சல் வரலாம். ஆனால் அந்த ஊர்க்காரர்களும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதுதான். முந்தின நாளே ஒரு 100-ஐ 5, 10, 20 ஆக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அரபு எண்களை அரை மணி நேரம் செலவழித்துப் படித்துவிடுங்கள். கடை விலை, பேருந்து எண் எல்லாம் அதில்தான். நம்மைக் குழப்புவது மூன்று: 5 என்பது நம் பூஜ்யம் போல வட்டமாக இருக்கும், பூஜ்யம் வெறும் புள்ளி, 6 பார்ப்பதற்கு நம் 7 போல. ஆக ஒரு வட்டமும் ஒரு புள்ளியும் இருந்தால் அது 50.

இந்த 50-ல்தான் நான் ஏமாந்தேன். கடைவீதியில் ஒருவர் மீதிச் சில்லறையாக 50 நோட்டு ஒன்றை நீட்டினார். அரபு எண் படிக்கத் தெரிந்துவிட்டது என்ற பெருமையில் வாங்கிப் பையில் போட்டேன். அறைக்கு வந்து பார்த்தால் அது 50 பியாஸ்டர், அதாவது அரை பவுண்டு. நோட்டில் என்ன பள்ளிவாசல் என்று பாருங்கள்: அல்-அஸ்ஹர் இருந்தால் பியாஸ்டர், கிஜ்மாஸ் இருந்தால் பவுண்டு. ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பினாலும் தெரிந்துவிடும், ஆனால் அவசரத்தில் யார் திருப்புகிறார்கள்?

காலை 8: இப்னு துலூன், 5 பவுண்டு

தெற்கிலிருந்து வடக்கே நடப்பதுதான் இந்த வழியின் சூட்சுமம். தெற்கே இருப்பவை மாலை சீக்கிரமே பூட்டிவிடும் இடங்கள். வடக்கே முயிஸ் தெரு விளக்கு ஏற்றிய பிறகுதான் களை கட்டும். தலைகீழாக நடந்தால் இரண்டையும் இழப்பீர்கள்.

மெட்ரோவில் வந்தால் முதல் வழித்தடத்தில் ஸையிதா ஸைனப் நிலையத்தில் இறங்கி இருபது நிமிட நடை. கெய்ரோ மெட்ரோ 1987-ல் தொடங்கியது; ஆப்பிரிக்காவிலேயே முதல் மெட்ரோ. நடுவில் உள்ள இரண்டு பெட்டிகள் பெண்களுக்கு மட்டும். காலையிலேயே காலை வீணாக்க வேண்டாம் என்றால் ஊபரில் வந்து பள்ளி வாசலிலேயே இறங்கிக்கொள்ளலாம். வழியில் எங்காவது ஃபூலும் தஅமியாவும் சாப்பிட்டுவிடுங்கள். ஃபூல் என்பது பெரிய அவரை விதையை இரவெல்லாம் வேகவைத்து மசித்தது. தஅமியா அதே விதையை அரைத்து, கீரை சேர்த்துப் பொரித்த வடை. உள்ளே பச்சையாக இருக்கும். சைவக்காரர்களுக்கு கெய்ரோ காலை உணவில் ஒரு குறையும் வைக்காது. ரொட்டிக்கு அங்கே ‘ஐஷ்’ என்று பெயர். அந்தச் சொல்லுக்கு வாழ்வு என்று பொருள்.

இப்னு துலூன் பள்ளி 876 முதல் 879 வரை கட்டியது. கெய்ரோ என்ற ஊர் பிறந்ததே 969-ல்தான், பாத்திமியர் என்ற ஷியா அரசமரபின் தளபதி ஜவ்ஹர் வந்த பிறகு. அதாவது இந்தப் பள்ளி ஊரைவிட மூத்தது. இதைச் சுற்றி இப்னு துலூன் எழுப்பிய தலைநகரை 905-ல் படையெடுத்து வந்தவர்கள் தரைமட்டம் ஆக்கினார்கள். பள்ளியை மட்டும் தொடவில்லை.

உள்ளே நுழைந்ததும் முதலில் படுவது வெறுமை. அகன்ற முற்றம், நடுவில் ஒரு குவிமாடம், நாலு பக்கமும் வளைவுகள். எகிப்தில் மற்ற இடங்களில் பழைய கோயில், தேவாலயத் தூண்களைக் கொண்டுவந்து நட்டிருப்பார்கள். இங்கே எல்லாம் செங்கல் தூண், மேலே சுண்ணாம்புப் பூச்சு. வளைவின் விளிம்புகளை நெருங்கிப் பாருங்கள். பூச்சு ஈரமாக இருக்கும்போது கத்தியால் செதுக்கிய கொடியலங்காரம் இன்னும் தெரியும். ஜன்னல் சல்லடைகள் 128. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம் என்பார்கள். ஏழெட்டை ஒப்பிட்டுப் பார்த்தேன், உண்மைதான். எல்லாவற்றையும் ஒப்பிடப் பொறுமை இல்லை.

மினாராவுக்கு வெளிப்புறமாகப் படி சுற்றிக்கொண்டே ஏறுகிறது. ஈராக்கில் ஸமர்ராவில் வளர்ந்தவர் இப்னு துலூன், அந்த ஊர்ப் பாணி. ஊரார் சொல்லும் கதை வேறு. அரசவையில் ஒரு காகிதத்தை விளையாட்டாக விரலில் சுற்றிக்கொண்டிருந்தாராம். பெரியவர்கள் பார்த்துவிட்டார்கள் என்றதும், ‘மினாராவுக்கு மாதிரி செய்துகொண்டிருக்கிறேன்’ என்று சமாளித்தாராம். ஏறிப் பாருங்கள். கைப்பிடி உயரம் குறைவு, தலைசுற்றல் உள்ளவர்களுக்கு வேண்டாம்.

பள்ளியை ஒட்டியே கேயர்-ஆண்டர்சன் அருங்காட்சியகம். 16, 17-ஆம் நூற்றாண்டு வீடுகள் இரண்டை ஒரு பாலத்தால் இணைத்து, 1935 முதல் 1942 வரை ஓர் ஆங்கிலேய அதிகாரி வாழ்ந்த இடம். மாடியில் மரச் சல்லடை ஜன்னல்கள். அவற்றுக்கு ‘மஷ்ரபியா’ என்று பெயர். உள்ளிருப்பவர்களுக்குத் தெரு தெரியும், தெருவில் இருப்பவர்களுக்கு உள்ளே தெரியாது. காற்றும் குளிர்ந்து வரும். முக்கால் மணி நேரம் இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் நடையைக் கட்டுங்கள்.

10 மணி: ஸலீபா தெரு வழியே சதுக்கத்துக்கு

பள்ளியிலிருந்து கிழக்கே ஸலீபா தெரு. ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. வழியில் தெருவின் இருபுறமும் ஒன்றை ஒன்று பார்த்தபடி ஷைகூ என்ற அமீர் கட்டிய இரண்டு கட்டடங்கள். 1349-ல் பள்ளி, 1355-ல் சூஃபிகளின் மடம். நின்று பார்க்காவிட்டாலும் இரண்டு மினாராக்களும் இரட்டைப் பிள்ளைகள் போல நிற்பதைக் கவனியுங்கள். டயர் கடை, பழக்கடை, கழுதை வண்டி எல்லாம் தாண்டி நடந்தால் எதிரே கோட்டை எழும்பும்.

இந்தச் சதுக்கத்தில் நான்கு நோட்டுகள் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. எதிரே குன்றின் மேல் 20 பவுண்டு. இடது பக்கம் அக்கம்பக்கமாக 100-ம் 10-ம். கோட்டைக்கு இந்தப் பக்கம் சற்று மேட்டில், உச்சி இரண்டாகப் பிரிந்த மினாராவோடு நிற்பது 200. அதைக் கட்டிய கானிபாய் சுல்தானின் குதிரை லாயத்துக்குத் தலைவர், கட்டியது 1503-ல். லாயத் தலைவருக்கே இப்படி ஒரு பள்ளி என்றால் அந்தக் காலத்தில் குதிரை என்ன மதிப்பில் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கோட்டைக்கு ஏற வேண்டுமா? என் முடிவு: இந்த நடையில் வேண்டாம். சதுக்கத்திலிருந்து பார்க்கப் பக்கத்தில் தெரியும், ஆனால் பயணிகள் நுழைவாயில் குன்றைச் சுற்றிப் போனால்தான் வரும். ஸலாஹுத்தீன் 1176-ல் தொடங்கிய கோட்டை. மேலே இருக்கும் முகமது அலி பள்ளி 1830-ல் தொடங்கியது, மற்றவற்றோடு பார்த்தால் நேற்றுப் பிறந்தது. அதன் முற்றத்தில் ஒரு மணிக்கூண்டு உண்டு, பிரான்ஸ் மன்னர் லூயி பிலிப் கொடுத்தது. அதற்கு முன்பே எகிப்து கொடுத்திருந்தது லக்ஸர் கோயிலின் ஒற்றைக்கல் தூண். அது இன்றும் பாரிஸ் கான்கோர்ட் சதுக்கத்தில் நிற்கிறது. கடிகாரம் பல பத்தாண்டுகள் ஓடாமலே கிடந்தது. பண்டமாற்றில் யார் ஏமாந்தார்கள் என்று எகிப்தியர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். மேலே போயே தீருவேன் என்பவர்கள் காலையில் முதல் வேலையாகக் கோட்டைக்குப் போய்விட்டு, டாக்ஸியில் இப்னு துலூனுக்கு வாருங்கள். எல்லாம் ஒன்றரை மணி நேரம் தள்ளும்.

10.30: சுல்தான் ஹசன், 100 பவுண்டு

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் நான் இதைச் சொல்வேன். 1356-ல் தொடங்கிய கட்டடம். பள்ளிவாசல் மட்டும் இல்லை, மதரஸாவும் கூட. சுன்னி முஸ்லிம்களின் நான்கு சட்ட மரபுகளுக்கும் மூலைக்கு ஒன்றாக நான்கு கல்லூரிகள். ஷாஃபி, ஹனஃபி, மாலிகி, ஹன்பலி என்று நான்கும் ஒரே கூரையின் கீழ்.

வாசலே சுமார் 38 மீட்டர் உயரம். அண்ணாந்து பார்த்தால் தொப்பி விழும் என்பார்களே, அதுதான். வாசலின் ஓரங்களில் செதுக்கு வேலை பாதியில் நிற்பதைப் பார்க்கலாம். கோடு கீறியிருக்கிறார்கள், குடையவில்லை. வேலை நடக்கும்போதே, 1361-ல், மினாரா ஒன்று சரிந்து சுமார் 300 பேர் செத்தார்கள். அதே ஆண்டு சுல்தானும் கொல்லப்பட்டார். உடல் கிடைக்கவே இல்லை. அவருக்காகக் கட்டிய சமாதி மண்டபத்தில் அவர் இல்லை.

உள்ளே போகும் வழி வேண்டுமென்றே நேராக இல்லை. இருட்டு நடையில் வலம் இடம் திரும்பித் திரும்பிப் போவீர்கள், கண் இருட்டுக்குப் பழகிவிடும். அப்புறம் ஒரு திருப்பத்தில் சட்டென்று முற்றம், தலைக்கு மேல் ஆகாயம். நாலு பக்கமும் மாபெரும் வளைவுகள். அவற்றிலிருந்து விளக்குச் சங்கிலிகள் மழைக்கம்பி போல வரிசையாகத் தொங்கும். விளக்குகளோ தலைக்குக் கொஞ்சம் மேலேதான். தரையில் உட்காருங்கள். இங்கே செய்ய வேண்டியது அவ்வளவுதான், அரை மணி நேரம். யாராவது வந்து மிஹ்ராப் (மக்கா திசையைக் காட்டும் சுவர் மாடம்) அருகே நின்று பாங்கு ஓசையில் பாடிக் காட்டலாம். கல் அதை வாங்கித் திருப்பி அனுப்பும் விதம் காதில் நிற்கும். பாடியவர் கை நீட்டினால் 20-ஐக் கொடுங்கள், தகும்.

எதிரிலிருக்கும் ரிஃபாயி பார்வைக்கு அதே காலத்தது போல இருக்கும். உண்மையில் 1869-ல் தொடங்கி 1912-ல் முடிந்தது. எகிப்தின் அரசர் ஃபாரூக்கும், நாட்டைவிட்டு ஓடி வந்து 1980-ல் இறந்த ஈரானின் ஷாவும் இங்கே அடக்கம். பதினைந்து நிமிடம் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சதுக்கத்தில் யாராவது நல்ல ஆங்கிலத்தில், ‘பள்ளி தொழுகைக்காக மூடிவிட்டார்கள், அதுவரை வாருங்கள் என் அண்ணன் கடையில் டீ குடிக்கலாம்’ என்றால் நம்பாதீர்கள். வாசல்வரை போய் நீங்களே பாருங்கள். இந்தியர் என்று தெரிந்தால் ‘அமிதாப் பச்சன்!’ என்று கூப்பிடுவார்கள். அந்த அன்பு பெரும்பாலும் உண்மையானது, அண்ணன் கடை மட்டும்தான் சந்தேகம். ‘லா, ஷுக்ரன்’ (வேண்டாம், நன்றி) என்று சொல்லிக்கொண்டே நடங்கள். நின்று சொன்னால் பேச்சு வளரும்.

12 மணி: தர்ப் அல்-அஹ்மர், 50 பவுண்டு

சதுக்கத்திலிருந்து வடக்கே ஏறி இறங்கும் பழைய தெரு இது. சுற்றுலா வண்டிகள் இதில் வராது. நாற்காலி பின்னுகிறவர், பித்தளை தட்டுகிறவர், ரொட்டிப் பலகையைத் தலையில் வைத்து சைக்கிள் ஓட்டுகிறவர் எல்லாரும் உங்களைப் பொருட்படுத்தாமல் வேலையைப் பார்ப்பார்கள். கால் எட்டும் தூரத்துக்கு ஒரு நினைவிடம். அக்ஸுன்குர் பள்ளி 1347-ல் கட்டியது. மூன்று நூற்றாண்டு கழித்துச் சுவரில் நீல ஓடுகள் பதித்ததால் நீலப் பள்ளி என்கிறார்கள். இன்னும் கீழே மாரிதானி பள்ளி, 1340. இதில் மரச் சல்லடை ஒன்று முற்றத்தையும் தொழும் கூடத்தையும் பிரிக்கிறது. நண்பகல் வெயிலில் அதன் நிழல் தரையில் விழுவதற்காகவே போகலாம்.

அதைத் தாண்டினால் தெரு இரண்டாகப் பிரியும் முனையில் கிஜ்மாஸ் அல்-இஸ்ஹாகி பள்ளி, 1480-களின் தொடக்கம். கையில் 50 பவுண்டு நோட்டை வைத்துக்கொண்டு நில்லுங்கள், அதே கோணம். ஊரார் இதை அபூ ஹுரைபா என்று சொன்னால்தான் வழி காட்டுவார்கள். பின்னாளில் இங்கே அடங்கிய ஒரு ஷெய்க்கின் பெயர் அது. தெரு கோணலாக இருந்ததால் கட்டடமும் முக்கோண மனையில் நெளிந்து உட்கார்ந்திருக்கிறது. கீழே கடைகள், மேலே பள்ளி. கடை வாடகையில் பள்ளி நடக்கும் ஏற்பாடு அது.

ஒரு மணி: ஸுவைலா வாசலும் கூடாரத் தெருவும்

பாப் ஸுவைலா 1092-ல் எழுப்பிய தெற்குக் கோட்டை வாசல். அதன் இரண்டு கொத்தளங்கள் மேல் இரண்டு மினாராக்கள். அவை உள்ளே இருக்கும் முஅய்யத் பள்ளிக்குச் சொந்தம். அந்த இடத்தில் முன்பு சிறை இருந்தது. அதில் கிடந்து பேன்கடியில் அவதிப்பட்ட முஅய்யத், ‘நான் சுல்தான் ஆனால் இதை இடித்துப் பள்ளி கட்டுவேன்’ என்று நேர்ந்துகொண்டார். ஆனார், கட்டினார். டிக்கெட் வாங்கினால் மினாராவில் ஏறலாம். இன்று ஒரு மினாராதான் ஏறுவேன் என்றால் இது வேண்டாம், காலையில் இப்னு துலூனில் ஏறியதே போதும். இரண்டாவதுக்கும் கால் இருந்தால் இங்கே காட்சி இன்னும் நெருக்கம்.

வாசலுக்கு வெளியே, தெற்குப் பக்கம், கூரை போட்ட ஒரு தெரு. ஃகயாமியா, அதாவது கூடாரக்காரர் தெரு. 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது. இருபுறமும் சிறு சிறு கடைகள். மேடையில் சம்மணமிட்டு ஆண்கள் தைத்துக்கொண்டிருப்பார்கள். துணி மேல் துணி வைத்துத் தைக்கும் வேலை. நம் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தேர்ச்சீலையும் தொம்பையும் பார்த்தவர்களுக்கு அந்த வண்ணங்கள் அந்நியமாகத் தெரியாது.

ஒரு கடையில் முழுதாக அரை மணி நேரம் நின்றுவிட்டேன். காகிதத்தில் வடிவத்தை வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளை போடுகிறார்கள். காகிதத்தைத் துணி மேல் விரித்துப் பொடியைத் தேய்த்தால், துளை வழியே இறங்கிய புள்ளிகள் துணியில் வடிவமாக நிற்கும். நம் வீட்டில் கோல அச்சில் மாவு தட்டுவது போலவேதான். அப்புறம் வண்ணத்துணியைத் தோராயமாக வெட்டி மேலே வைத்து, ஊசி முனையாலேயே ஓரத்தை உள்ளே மடித்து மடித்துத் தைத்துக்கொண்டு போகிறார்கள். விரலில் ஊசி குத்தாமலிருக்க ஓர் உறை, மடியில் பெரிய கத்தரிக்கோல். முன்கூட்டி மடித்துத் தேய்ப்பது இல்லை. ஏதாவது வாங்குவதாக இருந்தால் இங்கே வாங்குங்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கைத்தையல் என்றால் தையல் ஒழுங்கின்றித் தெரியும், அச்சடித்த துணி என்றால் பின்பக்கம் சுத்தமாக இருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு கோஷரி. சோறு, மக்ரோனி, மசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை எல்லாம் ஒரே கிண்ணத்தில், மேலே தக்காளிச் சாறு, பொரித்த வெங்காயம். பக்கத்தில் பூண்டு போட்ட வினிகரும் மிளகாய்க் குழம்பும் இருக்கும். பெயரைக் கேட்டதும் கிச்சடி நினைவுக்கு வந்தால் தப்பில்லை. இந்தியாவிலிருந்து போனதுதான் என்று அங்கேயே பலர் சொல்வார்கள். வினிகரைத் தாராளமாக, மிளகாயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். காரத்தில் நம்மை யார் மிஞ்சுவார் என்று ஊற்றினால் வருத்தப்படுவீர்கள். கூட ஒரு டம்ளர் கரும்புச்சாறு.

2 மணி: கூரியின் மிளகு, பிறகு அல்-அஸ்ஹர்

வாசலுக்கு உள்ளே நுழைந்தால் முயிஸ் தெருவின் தெற்குப் பாதி. வீட்டுச் சாமான், உள்ளாடை, குஞ்சம் வைத்த தொப்பி என்று உள்ளூர்க்காரர்களுக்கான கடைத்தெரு. அதன் முடிவில் தெருவின் இருபுறமும் சுல்தான் கூரியின் கட்டடங்கள், 1505 வாக்கில் முடிந்தவை. கொஞ்சம் தள்ளி அவர் கட்டிய வகாலா, அதாவது வணிகர் சத்திரம். கீழே கிடங்குகள், மேலே தங்கும் அறைகள், நடுவில் நீரூற்று முற்றம். வாரத்தில் சில மாலைகளில் சூஃபிகளின் சுழல் நடனம் இங்கே நடக்கும். ஹோட்டலில் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சத்திரத்தில் நம் கடற்கரை வந்து போயிருக்கிறது. மலபார் மிளகு செங்கடல் வழியே கெய்ரோ வந்து, அலெக்சாண்டிரியா போய், அங்கிருந்து வெனிஸ் வியாபாரிகள் கைக்குப் போகும். சுல்தான்களின் கஜானாவில் அந்த வரிக்குப் பெரிய பங்கு. 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கியதும் அந்த வழிக்கே ஆபத்து. கூரி கப்பற்படையை இந்தியாவுக்கே அனுப்பினார். போர்ச்சுக்கீசியரோடு மோதியதில் 1508-ல் சவுலில் வெற்றி, 1509-ல் டையூவில் தோல்வி. 1516-ல் துருக்கியின் உதுமானியரோடு நடந்த போரில் கூரியே இறந்தார். அவரது உடலும் கிடைக்கவில்லை. பெரிய சமாதி கட்டி வைத்தவர்களுக்கு அதில் படுக்கக் கொடுத்துவைக்காத ஊர் போலும். அடுத்து வந்த தூமான் பாயை 1517-ல் தூக்கிலிட்டது நீங்கள் சற்றுமுன் கடந்து வந்த ஸுவைலா வாசலில். மிளகு வழி நம்மோடு தொடங்கி அந்த வாசலில் வந்து முடிகிறது. அந்த வழி இன்னும் பழையது என்பதற்கும் சாட்சி உண்டு: செங்கடல் ஓரத்தில் குஸைர் துறைமுகத்தில் ‘பானை ஒறி’ (உறியில் தொங்கும் பானை) என்று தமிழ் பிராமியில் கீறிய மண்பாண்டம் கிடைத்திருக்கிறது.

கூரி கட்டடத்துக்கு அருகில்தான் அல்-அஸ்ஹர், உங்கள் 50 பியாஸ்டர். 972-ல் தொழுகைக்குத் திறந்தது. கட்டியவர்கள் ஷியாக்கள், இன்று சுன்னி உலகின் பெரிய கல்வி இடம். நுழைவு இலவசம். அஸர் (பிற்பகல்) தொழுகைக்குக் கொஞ்சம் முன்பு போனால், வெள்ளைப் பளிங்கு முற்றத்தைத் தாண்டி உள்ளே தூண்களில் சாய்ந்து மாணவர்கள் ஓதிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

3 மணி: சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம்

அல்-அஸ்ஹர் சாலையைத் தரைமேல் கடக்க முயல வேண்டாம், சுரங்கப்பாதை இருக்கிறது. அந்தப் பக்கம் ஏறினால் ஃகான் அல்-ஃகலீலி கடைவீதி. உடனே உள்ளே நுழையாதீர்கள். சுல்தான் கலாவூன் கட்டிய வளாகத்தை மாலையில் பூட்டிவிடுவார்கள், கடைகள் எங்கும் போகாது. நேராக முயிஸ் தெருவுக்கு நடங்கள். வழியில் உள்ள பல நினைவிடங்களுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் கொடுக்கிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

கலாவூன் வளாகம் 1284, 85-ல் பதின்மூன்றே மாதத்தில் எழும்பியது. பள்ளி, மதரஸா, சமாதி, மருத்துவமனை. மருத்துவமனையில் ஏழை பணக்காரர், ஆண் பெண் யாராக இருந்தாலும் இலவச வைத்தியம். அந்த வளாகத்தில் இன்றும் ஒரு கண் மருத்துவமனை நடக்கிறது. சமாதி மண்டபத்துக்கு மூன்றரை, நாலு மணி சரியான நேரம். வண்ணக் கண்ணாடி ஜன்னல் வழியே வெளிச்சம் சாய்ந்து வந்து கருங்கல் தூணிலும் சிப்பி பதித்த சுவரிலும் விழும். அடுத்த கட்டடம் அவர் மகன் நாஸிர் முகமதுவின் மதரஸா. அதன் வாசல் நிலையைப் பாருங்கள், கிறித்துவத் தேவாலய வாசல் மாதிரி இருக்கும். இருக்கும் என்ன, அதுவேதான். 1291-ல் சிலுவைப் போர்வீரர்களின் ஆக்ர் கோட்டையை வென்றவர்கள் அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது.

தெரு பிரியும் இடத்தில் ஒரு சின்ன அழகான கட்டடம் நடுவில் நிற்கும்: கத்ஃகுதா என்பவர் 1744-ல் கட்டிய ஸபீல்-குத்தாப். கீழே தண்ணீர்ப் பந்தல், மேலே திண்ணைப் பள்ளிக்கூடம். வழிப்போக்கருக்குக் கீழே ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து குவளையில் தண்ணீர் கொடுப்பார்கள், மேலே அனாதைப் பிள்ளைகள் ஓதும் சத்தம் கேட்கும். கெய்ரோ முழுக்க இந்த ஜோடி உண்டு.

அதைத் தாண்டி அல்-அக்மர் பள்ளி, 1125. முகப்பு தெருவுக்கு நேராக நிற்கும், உள்ளே கூடம் மக்கா திசைக்குத் திரும்பியிருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள கோணலை வாசலருகே சுவரின் தடிமனில் ஒளித்திருக்கிறார்கள். கெய்ரோவில் இந்தத் தந்திரத்துக்கு இதுதான் முன்னோடி. இடப்புறச் சுவரையும் வலப்புறச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தால் பிடிபடும்.

பொழுது சாயும்போது தெருக்கோடியில் அல்-ஹாகிம் பள்ளி. 1013-ல் முடிந்தது. பிற்காலத்தில் கிடங்காகவும் லாயமாகவும் சிதைந்து கிடந்ததை 1980-ல் புதுப்பித்தவர்கள் இந்தியாவின் தாவூதி போரா சமூகத்தார். பளிங்குத் தரை கண்ணாடி போல இருக்கும். முற்றத்தில் குஜராத்தி காதில் விழுந்தால் திகைக்க வேண்டாம். பக்கத்திலேயே வடக்கு வாசல் பாப் அல்-ஃபுதூஹ், 1087. அடுத்திருக்கும் பாப் அன்-நஸ்ர் வாசலில் நெப்போலியன் படை அதிகாரிகள் தங்கள் பெயரைக் கொத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பேர் எழுதும் வியாதி எல்லா ஊருக்கும் பொது.

இருட்டிய பிறகு

வந்த தெருவிலேயே திரும்பி நடங்கள். இப்போது விளக்கு போட்டிருப்பார்கள். குழந்தைகள் ஓடுவார்கள், சோளம் சுடும் வாசனை வரும். இனி ஃகான் அல்-ஃகலீலி. பித்தளை, வாசனைத் தைலம், சீன பொம்மைப் பிரமிடு எல்லாம் கிடைக்கும். சொன்ன விலையில் பாதிக்கும் கீழே தொடங்கி, ஒத்து வராவிட்டால் நடக்கத் தொடங்குங்கள்; முதுகுக்குப் பின்னால் சரியான விலை வரும். டீக்கு எல்லாரும் போவது ஃபிஷாவி. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பழைய கடை என்பது அவர்கள் கணக்கு. பழுப்பேறிய பெரிய கண்ணாடிகளுக்குக் கீழே புதினா போட்ட டீ. 1988-ல் நோபல் பரிசு பெற்ற நகீப் மஹ்ஃபூஸ் பக்கத்து ஜமாலியாவில் பிறந்து இந்தத் தெருக்களையே எழுதியவர், இங்கே வந்து உட்காருவார். கூட்டத்தில் இடம் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டு சந்து தள்ளி அதே டீ பாதி விலையில்.

இரவுச் சாப்பாட்டுக்கு முலூகியா கேளுங்கள். சணல் இனத்துக் கீரையைப் பொடியாகக் கொத்தி, பூண்டும் மல்லியும் தாளித்துக் கொட்டுகிற குழம்பு. வெண்டைக்காய் போல வழுவழுப்பு உண்டு. கோழிச்சாற்றில் செய்வதுதான் வழக்கம், சைவர்கள் கேட்டுவிட்டு வாங்கவும். சற்றுமுன் பார்த்த பள்ளியின் கலீஃபா ஹாகிம் இந்தக் கீரையைச் சாப்பிடக் கூடாதென்று தடை போட்டவர். 1021-ல் ஒரு ராத்திரி மலைப்பக்கம் போனவர் திரும்பவே இல்லை. கீரை மட்டும் எல்லா வீட்டுக்கும் திரும்பி வந்துவிட்டது.

அறைக்குத் திரும்ப மூன்றாவது மெட்ரோ வழித்தடத்தின் பாப் அஷ்-ஷஃரியா நிலையம் மேற்கே கால்மணி நடை. நடக்க முடியவில்லை என்றால் கடைவீதியை ஒட்டிய ஹுசைன் சதுக்கத்தில் ஊபர் கூப்பிட வேண்டாம், நெரிசலில் வண்டி உள்ளே வராது. அல்-அஸ்ஹர் சாலைக்கு வந்து கூப்பிடுங்கள். டிரைவர் மீதி கொடுத்தால் 50-ஐத் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள்.